அருளப்பன் வண்டிக்கு விலை சொன்னது

“ஒண்ணு இருபது” என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, அருளப்பன் பெரியப்பாவின் வண்டி தரையை விட்டு ஒரு சாண் எழும்பிவிட்டது.

நாலு டயரும் ஒன்றாக எழும்பின. சத்தம் கிடையாது, குலுக்கல் கிடையாது. அடியில் படுத்திருந்த கோழி எழுந்து இறக்கையை உதறி, நிழல் முன்னைவிட அகலமாகியிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. என் தாய்மாமன் மாதையன் என் தொடையில் கிள்ளினார். அவர் மாட்டுத் தரகர், சுற்றுவட்டாரத்தில் ஏழு சந்தைக்கும் போகிறவர், முப்பது வருடமாக எதைப் பார்த்தும் ஆச்சரியப்படாதவர், ஆச்சரியப்பட்டால் விலை ஏறிவிடும் என்பதால். “எடுத்த எடுப்புல மடியில இருக்கிறதையெல்லாம் கொட்டிட்டியேடா, எம்பதுல ஆரம்பின்னு எத்தன வாட்டி சொன்னேன்” என்று காதுக்குள் திட்டிவிட்டு, என் தப்பைச் சரிசெய்கிற மாதிரி, “எம்பதாயிரம்” என்று தானே உரக்கச் சொன்னார். வண்டி இடுப்பு உயரத்துக்குப் போய் நின்றது.

அருளப்பன் பெரியப்பா முன் டயரை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். “காத்து கொஞ்சம் கூடிப்போச்சோ என்னமோ” என்றார்.

என் பேர் திம்மராஜ். பதினெட்டு முடிந்து நாலு மாதம், லைசென்ஸ் வந்து மூன்று வாரம். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை, உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். பால் குளிரூட்டும் நிலையத்தில் ஒரு ரூட் காலியாகப் போகிறது, பதினோரு ஊர், முப்பத்திரண்டு கேன், காலையில் ஒரு நடை சாயங்காலம் ஒரு நடை, ஒன்றாம் தேதி சொந்த வண்டியோடு வந்து நின்றால் உனக்கு, இல்லாவிட்டால் அடுத்தவனுக்கு என்று அங்கே இருக்கிற மேனேஜர் சொல்லியிருந்தார். அம்மா இரண்டு ஜெர்சி மாட்டை விற்று, மகளிர் குழுவில் போட்டிருந்ததையும் எடுத்து, ஒரு லட்சத்து இருபதாயிரம் சேர்த்துக் கொடுத்தாள். மாட்டை ஓட்டிக்கொண்டு போனபோது அவள் வெளியே வரவில்லை, உள்ளே இருந்துகொண்டே “கயித்தை மட்டும் அவுத்து வச்சிட்டுப் போகச் சொல்லு” என்றாள். அதனால் அந்த ஒண்ணு இருபதைத் தவிர எனக்கு வேறு விலை தெரியாது. இருப்பதைச் சொன்னேன்.

அருளப்பன் பெரியப்பா எங்களுக்குச் சொந்தம் இல்லை, ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் வண்டி இருபத்திரண்டு வருடத்துப் பழைய பிக்கப், வாங்கிய நாளிலிருந்து அவர் ஒருவர் கைதான், வெள்ளை பெயிண்ட் கம்பெனியில் அடித்தது அப்படியே இருந்தது, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஆயில் பார்ப்பார், மழையில் ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் தன் தலையைத் துவட்டுவதற்கு முன்னால் வண்டியைத் துவட்டுவார், சீட்டு உறையை லூர்து பெரியம்மா மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிதாகத் தைத்துப் போடுவார், பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டியில் ரப்பர் விரித்து, அதன் மேல் கோணி விரித்து, கோணியில் ஓட்டை விழுந்தால் அதையும் ஒட்டுப்போட்டு வைத்திருந்தார்கள். போன வருடம் அவருக்குக் கண்ணில் அழுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வருகிறது. ஒருநாள் இடது பக்கத்தில் வந்த சைக்கிள்காரப் பிள்ளையைக் கடைசி நொடியில்தான் பார்த்தாராம். அன்றைக்கு வீட்டு வாசலில் நிறுத்தினவர் பிறகு சாவியைத் தொடவில்லை. ஆறு மாதமாக விற்கப் பார்க்கிறார். வந்த தரகர்கள் எல்லோரும் வருடத்தை மட்டும் கேட்டுவிட்டு, வண்டியைப் பார்க்காமலே போய்விட்டார்கள்.

எனக்குப் பொறுமை கிடையாது. மாமா தாடையைத் தடவி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் “ஒண்ணு முப்பது” என்றேன். இறங்கியது. “ஒண்ணு அம்பது.” இன்னும் இறங்கியது. மாமா என் வாயைப் பொத்த வந்தார், நான் நகர்ந்து நகர்ந்து சொல்லிக்கொண்டே போனேன், அடைகாக்கிற கோழி முட்டைமேல் உட்காருகிற மாதிரி அது கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்தது. “ஒண்ணு தொண்ணூறு” என்றதும் டயர் நாலும் மண்ணுக்குள் நாலு விரல் புதைந்தன. திரும்பக் குறைத்துக்கொண்டு வந்தேன். ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து ஐநூறில் வண்டி தரையில் சரியாக நின்றது. ஒரு பொட்டுப் புழுதிகூட எழும்பவில்லை.

“இருவத்திரண்டு வருசத்து வண்டிக்கு ஒண்ணு எம்பத்தேழா?” என்றார் மாமா. அவர் கேட்டது பெரியப்பாவிடம் இல்லை, வண்டியிடம்.

லூர்து பெரியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். “வண்டிக்கு இருக்கிற ரோசத்துல பாதி இந்த மனுசனுக்கு இருந்திருந்தா நான் மாடி வீட்டுல உக்காந்திருப்பேன்.”

“அவ்வளவெல்லாம் யாரு தம்பி குடுக்கிறது” என்றார் பெரியப்பா. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் முகத்தை முழுசாகத் திருப்ப வேண்டும், திருப்பினார். “நீ ஒண்ணு இருபதே குடு. எனக்குப் போதும்.”

வண்டியின் சொந்தக்காரர் வாயால் அதைக் கேட்டதும் அது கரண்டுக் கம்பிக்கும் மேலே போய், அங்கே வெயிலில் வெள்ளையாக நின்றது.

எங்கள் ஊர் ஊமத்தங்காட்டுக் கூட்ரோடு. மூன்று சாலை சேருகிற இடம், ஒரு டீக்கடை, ஒரு தக்காளி மண்டி, மூன்று சாலைக்கும் நடுவில் சத்தம். பெரியப்பா வீடு நேராக அந்தச் சத்தத்தைப் பார்த்து இருக்கிறது, அதனால் வண்டிக்கு நடந்ததெல்லாம் ஊருக்கு நடந்த மாதிரிதான். ஏன் எழும்புகிறது என்று யாரும் கேட்கவில்லை. எப்படி இறக்குவது என்றுதான் கேட்டார்கள். அது சுலபம், யாராவது சரியான விலையை உரக்கச் சொன்னால் இறங்கிவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தினமும் காலையில் வரிசையாக நின்று “ஒண்ணு எம்பத்தேழு ஐநூறு” என்று கத்தி இறக்கிவிட்டு, “பத்து ரூபா” என்று கத்தி ஏற்றிவிட்டு, மறுபடியும் இறக்கிவிட்டுத்தான் மணியடிக்கிற நேரத்துக்கு ஓடினார்கள். மெக்கானிக் ஒருவர் வந்து, குழி இல்லாமலே அடியில் நின்று பார்க்க முடிகிறதே என்று சந்தோஷப்பட்டு, அடிப்பாகம் முழுக்கப் பார்த்துவிட்டு, செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை என்று வருத்தத்தோடு போனார்.

மாமா அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை. மறுநாளே சரியான விலையை உரக்கச் சொல்லி வண்டியை இறக்கிவிட்டு, பெரியப்பாவுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, ஒண்ணு இருபதை மட்டும் எண்ணிக் கொடுத்தார். நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். என்னையும் சேர்த்துக்கொண்டு வண்டி மேலே போய்விட்டது. அங்கே இருந்து பார்த்தால் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகை தெரிந்தது, காலியாக. கீழே பிள்ளைகள் கத்தி என்னை இறக்குவதற்குள் எனக்குப் போட்ட டீ ஆறிவிட்டது. பணம் திரும்ப அம்மா மடிக்கே வந்தது.

அதற்குப் பிறகுதான் டீக்கடைக்காரர் ஒரு தட்டு வடையைக் கொண்டுபோய் வண்டித் தொட்டியில் வைத்து “வடை ஒண்ணு எட்டு ரூபா” என்றார். வண்டி அசையவில்லை. அவர் ஊரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிள்ளை பாஸான மாதிரி. அதே வேகத்தில் ஒரு கிளாஸ் டீயை வைத்து “பதினஞ்சு” என்றார், டயர் இரண்டு விரல் புதைந்தது, அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார், மறுநாளிலிருந்து டீயில் பால் அதிகமாக இருந்தது. அதன்பின் ஊரில் யாருக்கு எதன்மேல் சந்தேகம் வந்தாலும் தொட்டியில் ஏற்றிப் பார்த்தார்கள், ஆட்டுக்குட்டியை ஏற்றினார்கள், பழைய டிவியை ஏற்றினார்கள், தையல் மெஷினை ஏற்றினார்கள், ஒரு வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் இருபத்தைந்து பவுனும் ஒரு பைக்கும் கேட்டார்கள் என்று, பெண்ணின் அப்பா மாப்பிள்ளையைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் உட்கார வைத்தார். பையனும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அவனுடைய அம்மா கேட்டதைத் திரும்பச் சொன்னாள். வண்டி நம்பர் பிளேட் வரைக்கும் மண்ணுக்குள் போனது. கல்யாணம் நடந்தது, பைக் இல்லாமல், பவுன் ஐந்தோடு. இப்போது அந்தப் பையனை ஊரில் ஐந்து பவுன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் திரும்பிப் பார்க்கிறான்.

தக்காளிதான் கெடுத்தது.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் தக்காளி. அம்மாவும் அரை ஏக்கர் போட்டிருந்தாள். மண்டிக்காரர் சென்னப்பன் கெட்டவர் என்று சொல்ல முடியாது, சிரித்த முகம், கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் முதல் பந்திக்கே வந்துவிடுவார். அன்றைக்கு ஒரு பெட்டி நூற்றிருபது என்றார். யாரோ பதினாலு பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு “இப்ப சொல்லுங்க” என்றார்கள். அவரும் சொன்னார். பெட்டியோடு வண்டி போன உயரத்துக்கு அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம், மேலே இருந்து ஒரே ஒரு தக்காளி நிதானமாக வந்து சென்னப்பன் செருப்புப் பக்கத்தில் விழுந்து உடைந்தது. அப்புறம் ஊரே சேர்ந்து விலை சொல்லிச் சொல்லி இறக்கியதில் முன்னூற்றுத் தொண்ணூறில் தரையைத் தொட்டது. கைதட்டினார்கள். அம்மாவும் கைதட்டினாள், நான் பார்த்தேன்.

சென்னப்பன் கோபப்படவே இல்லை. “ரொம்ப சந்தோசம். முன்னூத்தித் தொண்ணூறு. அப்ப அந்த வண்டியவே வாங்கிக்கச் சொல்லுங்கப்பா” என்று சொல்லிவிட்டு, மண்டிக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். எட்டு நாள் வரவில்லை. அந்த எட்டு நாளும் தக்காளிக்கு விலை முன்னூற்றுத் தொண்ணூறு என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பெட்டி பெட்டியாகப் பழுத்துக்கொண்டே இருந்தது, தெரிந்து என்ன பண்ணுவது. ஒன்பதாம் நாள் அவர் வந்து ஊர்க்கோடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், வண்டிக்குக் காது கேட்காத தூரத்தில், லாரியை நிறுத்திக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராகப் பாலத்தைத் தாண்டிப் போனார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நூற்றிப் பத்து. அம்மாவுக்கு இருபத்திரண்டு பெட்டி, இரண்டு அழுகிவிட்டது, இருபது. வீட்டுக்கு வந்து பணத்தை அலமாரியில் வைத்துவிட்டு, “கெடைச்சது போதும்” என்றாள்.

“முன்னூத்தித் தொண்ணூறும்மா” என்றேன்.

“எனக்குத் தெரியாதா? நான் கைதட்டலையா? போடா, போய்த் தண்ணி கட்டு.”

அதற்கப்புறம் வண்டி முன்னால் யாரும் விலை பேசவில்லை. ஆனால் வண்டி நின்ற இடம் ஊருக்கு நடு, நாள் ஆக ஆக அதற்குக் காது கூர்மையாகிக்கொண்டே வந்தது, தொட்டியில் ஏற்றவே வேண்டாம், எதிரே நின்று கீரைக்கு விலை கேட்டால்கூட எழும்பிக் காட்டியது, எழும்பினால் ஊருக்கே தெரிந்தது, யார் யாரை ஏமாற்றினார்கள், யார் தெரிந்தே ஏமாந்தார்கள் என்பது. ஏமாற்றினவர்களைவிட ஏமாந்தவர்களுக்குத்தான் அதில் வெட்கம் அதிகமாக இருந்தது. அப்போதுதான் என் மாமாவின் தொழில் ஊருக்கு வந்தது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள், இரண்டு பேர் கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள், ஒரு விரல் பிடித்தால் இவ்வளவு, இரண்டு பிடித்தால் இவ்வளவு, பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. ஒருநாள் மாமா வண்டிக்கு முன்னாலேயே நின்று, துண்டைப் போட்டு, ஒரு கிழட்டுக் காளையை ஏமாந்த விலைக்குக் கைமாற்றினார். வண்டி அசையவே இல்லை. துண்டுக்குள் நடப்பது அதற்குத் தெரியவில்லை.

பத்தே நாளில் ஊர் முழுக்கத் துண்டு. பூக்காரி முந்தானைக்குள் விலை சொன்னாள், மீன்காரர் தலைப்பாகையை அவிழ்த்துக் கைமேல் போட்டார், ஆட்டோக்காரர்கள் துடைக்கிற துணியைப் போட்டுக்கொண்டார்கள், ஒரு கட்டுக் கீரை வாங்க நாலு விரலும் இரண்டு நிமிஷமும் ஆனது, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றார்கள். முன்பெல்லாம் கூட்ரோட்டில் காலையில் இறங்கினால் ஒருவர் கத்துவது ஒருவருக்குக் கேட்காது. இப்போது வேப்பமரத்தில் அணில் ஓடுவது கேட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் எவ்வளவு அமைதியான ஊர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. வகுப்பில் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம் வந்தது.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் ஒன்று. பூசை முடிந்து பெரியப்பா வந்ததும் மாமா என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். மாமா தோளில் புதுத் துண்டு, கரை வைத்தது. பணக்கட்டு மஞ்சள் பைக்குள், அதுவும் துண்டுக்கு அடியிலேயே கைமாற வேண்டும், எண்ணக் கூடாது என்று பேச்சு. துண்டு வந்த பிறகு யாரும் உரக்க விலை சொல்லாததால் வண்டி தரையிலேயே நின்றது. பெரியப்பா அதைக் கழுவியிருந்தார். கொடுத்துவிடப் போகிற வண்டியைக் கழுவி, உள்ளே இருந்த மாதா படத்தை எடுத்துவிட்டு, அது ஒட்டியிருந்த இடத்தில் இருந்த பசையைக்கூட மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்திருந்தார்.

நான் அம்மாவிடம் வழியிலேயே கேட்டிருந்தேன். “அது விலை அது இல்லையேம்மா.”

“அவரு கேக்கிறது ஒண்ணு இருபது. நாம குடுக்கிறது ஒண்ணு இருபது. கேக்கிறதுக்கு மேல குடுக்கிறதுக்கு நாம என்ன கோயில் உண்டியலா போடுறோம்? என் ரெண்டு மாடுடா அது.”

“தக்காளிக்கு நூத்திப் பத்துதான் நீயும் கேட்டியா?”

அம்மாவின் நடை வேகமாகிவிட்டது. நான் விவாதம் பண்ணுவதற்காகக் கேட்கவில்லை. சென்னப்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் லாரியை நிறுத்தினார், நாங்கள் துண்டு கொண்டுவந்திருக்கிறோம், இது புரிவதற்குப் பதினொன்றாம் வகுப்பெல்லாம் முடிக்க வேண்டாம். புரிந்தும் நான் போய்க்கொண்டுதான் இருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். விடிந்தால் எனக்கு ரூட் வேண்டும்.

வாசலில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பெரியப்பா ஒன்றில், நான் ஒன்றில். நான் தெரியாமல் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்துவிட்டேன், அவர் என்னைத் தேடி வலது பக்கம் பார்த்துச் சிரித்தார். லூர்து பெரியம்மா “அந்தப் பக்கம் இருக்கான்” என்றார். அவர் திரும்பினார்.

“மழைக்கு முன்னால ஓடு மாத்திடலாம் இல்ல?” என்று பெரியம்மாவிடம் கேட்டார்.

“இந்தக் காசுக்குப் பாதி ஓடு மாத்தலாம். மீதிப் பாதிக்குக் கீழ நீங்க படுத்துக்குங்க.”

மாமா துண்டைப் போட்டார். உள்ளே இருட்டாக, வெதுவெதுப்பாக இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது, கைக்கு எப்படி இருட்டுத் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரிந்தது. பெரியப்பாவின் உள்ளங்கையில் குறுக்கே ஒரு மேடு, கயிறு மாதிரி. ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து வந்தது. நான் அவர் விரலைத் தேடுவதற்கு முன்னால் அவரே தன் ஒரு விரலை என் கைக்குள் வைத்தார், அது ஒரு லட்சம், பிறகு இரண்டு விரலை வைத்தார், அது இருபது, வைத்துவிட்டு என் கையைப் பிடித்து மூடப் பார்த்தார், சீக்கிரம் மூடு என்கிற மாதிரி. நான் மூடினால் முடிந்தது. தெருவில் முப்பது பேர் நின்றிருப்பார்கள், எல்லோர் தோளிலும் துண்டு, சென்னப்பனும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மூடவில்லை. அவர் விரலை விட்டுவிட்டு, எண்பத்தேழு சொல்லப் பார்த்தேன். முதலில் ஒரு விரல் பிடித்தேன், சரி, லட்சம். அடுத்து எட்டு பிடிக்க வேண்டும், அவர் கையில் ஐந்துதான் இருக்கிறது. ஐந்தையும் பிடித்துவிட்டு, விட்டு, மூன்றைப் பிடித்தேன், அவர் அதை வேறு என்னமோ என்று நினைத்துத் தலையை ஆட்டினார். எட்டுக்கு விரல் பிடிப்பது எப்படி என்று மாமா எனக்குச் சொல்லித் தரவில்லை, ஏழுக்கும் சொல்லித் தரவில்லை, ஐநூறுக்கும் சொல்லித் தரவில்லை, ஒண்ணு இருபதுக்கு மட்டும்தான் சொல்லித் தந்திருந்தார். மறுபடியும் முதலிலிருந்து பிடித்தேன். பெரியப்பாவின் கை குழம்பிப்போய் என் கைக்குள் அப்படியே கிடந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல புத்தியால் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பொறுமை இல்லாததால்தான்.

துண்டை இழுத்துக் கீழே போட்டேன்.

“ஒண்ணு எம்பத்தேழு ஐநூறு பெரியப்பா” என்றேன். அந்த ஊரில் ரொம்ப நாளாக அவ்வளவு சத்தமாக யாரும் விலை சொல்லியிருக்கவில்லை, அணில் ஓடிவிட்டது. “கையில ஒண்ணு இருபதுதான் இருக்கு. மீதி அறுவத்தேழு ஐநூறு. பால் காசு வந்ததும் மாசம் நாலாயிரத்து ஐநூறு, பதினஞ்சு மாசம். ஓடு இப்ப பாதி மாத்திக்குங்க. அடுத்த மழைக்கு மீதி.”

பையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அவர் மடியில் வைத்தேன். வைத்ததும் வண்டி எழும்பியது.

ஒரு விரற்கடை இருக்கும், அதற்கு மேல் இல்லை. அங்கேயே நின்றது. முன்பு மாமா சரியான விலையைச் சொல்லிவிட்டுக் குறைத்துக் கொடுத்தபோது ஒரு நொடிகூட நிற்காமல் மேலே போனது, இப்போது நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பதினைந்து மாதம் நான் கொடுப்பேனா என்று எனக்கே அப்போது நிச்சயமாகத் தெரியாது. ரூட்டில் என்ன மிஞ்சும் என்று நான் சரியாகக் கணக்குப் போட்டிருக்கவில்லை. கணக்குப் போட்டேன், அங்கேயே நின்று, மனசுக்குள், டீசல், டயர், இன்சூரன்ஸ், அம்மாவுக்கு வீட்டுச் செலவு, எல்லாம் போக நாலாயிரத்து ஐநூறு நிற்குமா என்று. நின்றது. எனக்கென்று ஒன்றும் நிற்கவில்லை, ஆனால் அது நின்றது. சரி, கொடுப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி இறங்கி, தரையைத் தொட்டு, தன் எடையை மெதுவாக நாலு டயர்மேலும் வைத்தது.

அம்மா துண்டைக் குனிந்து எடுத்து உதறி மடித்தாள். “பதினஞ்சு மாசம். நல்லா இருடா” என்றாள். அது வாழ்த்தா திட்டா என்று இன்றுவரை சொல்லவில்லை. லூர்து பெரியம்மா எழுந்து உள்ளே போனார், உள்ளே பாத்திரம் ஒன்று தேவையில்லாமல் விழுகிற சத்தம் கேட்டது. டீக்கடை பெஞ்சிலிருந்து சென்னப்பன் எழுந்து பாலத்தைப் பார்த்து நடந்தார். பெரியப்பா மட்டும் மடியில் பையோடு, துண்டு போனது தெரியாதவர் போல, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அடுத்த கையால் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, நான் இருக்கிற பக்கத்தைச் சரியாகப் பார்த்து நீட்டினார். “கிளட்சை முழுசா மிதிச்சுத்தான் கியர் போடணும். பாதியில போட்டா அதுக்குப் பிடிக்காது” என்றார்.

மாமா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. பாவம், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அன்று காலையில் பல் விளக்கும்போது ஆரம்பித்து, வழி நெடுக, வாசல் வரைக்கும், “விரலைப் பிடி, தலையை ஆட்டு, சாவியை வாங்கு, வாயை மட்டும் திறக்காதே. நாளைக்கு எவன் எங்க வச்சி என்ன வெலைக்கு வாங்கினேன்னு கேட்டாலும் திறக்காதே, அந்த வண்டியில ஏறி உக்காந்திருக்கிற வரைக்கும் திறக்காதே” என்று ஏழு தடவை சொல்லியிருந்தார். ஏழு தடவையும் நான் “சரி மாமா” என்றுதான் சொன்னேன்.